ஒரு ஓட்டுக்கு எவ்வளவு சூடு

கபடி வீரன் மூச்சு ராசுவின் தொண்டைக்குள் எதுவுமே இல்லை என்று மூன்று ஸ்கேன்கள் சொல்லிவிட்டன. எவ்வளவு பிரமாதமாக ஒளித்து வைத்திருக்கிறான் பாருங்கள் என்று அதற்குப் பதில் வந்தது.

பதில் சொன்னவர் கிங்ஸ்லி. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், ராசுவின் எதிரணியான வைகை வேங்கைகளின் பக்தர். பதினெட்டுப் பக்க வரைபடங்களுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டு எடுத்து வந்திருந்தார். ஸ்பைரல் பைண்டிங் போட்ட எதையும் மனிதர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம்.

"ஒண்ணுமே இல்லாத தொண்ட உலகத்துல உண்டா? சளியாவது இருக்கணும்லா," என்றார் மைக்கில். "இவன் தொண்ட தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. அங்கதான் எனக்கு இடிக்கி."

மைக்கின் அடியில் இருந்த சின்னப் பெட்டி டொக்கென்றது. 'மூச்சு எடுத்தார். ரெய்டு செல்லாது' என்று அதன் நெற்றியில் சிவப்பு எழுத்து ஓடியது. அது கபடி லீக்கின் பழைய ஆட்ட மைக். பேசுகிறவர் எப்போது மூச்சு எடுக்கிறார் என்று எண்ணும் பெட்டியைப் பிடுங்க ஆள் கிடைக்காததால் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து பேசிய பதினான்கு பேருக்கும் அது 'செல்லாது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் சரியான தீர்ப்பு வழங்கியது அது ஒன்றுதான் என்று கீழே ஒரு நாற்காலியில் இருந்த ஜமீலா நினைத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் மேடையை விட்டு இன்னும் இறங்கவில்லை. கீழே இருநூறு பேர். அத்தனை பேரும் நடுவர்கள். தெற்குக் கபடி லீக்கில் ஒரு ஆட்டத்துக்காவது டிக்கெட் வாங்கியவர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுத்திருந்தது. ஜமீலா வாழ்க்கையில் வாங்கியது ஒரே ஒரு டிக்கெட். அதுவும் ராசுவின் வற்புறுத்தலுக்காக வாங்கியது. நூற்று அறுபத்தேழாம் நாற்காலி.

குற்றச்சாட்டு எளிமையானது. கபடியில் எதிர்க்களத்துக்குள் ரெய்டு போகிறவன் 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். மூச்சு எடுத்தால் அவுட். முன்பெல்லாம் நடுவர் காதை வைத்துக் கேட்டார். இப்போது ஆடுகிறவன் கழுத்தில் ஒரு பட்டை கேட்கிறது. இறுதியாட்டத்தில் ராசுவின் பட்டை ஒரு வினோதத்தைப் பதிவு செய்தது. பதினேழாவது நொடியில் மூச்சு உள்ளே போகிறது. பாட்டு நிற்கவில்லை. மூச்சை இழுக்கும்போது மனிதனால் சத்தம் போட முடியாது, ஆகவே பாடியது மனிதன் இல்லை, தொண்டையில் பதித்த ஒரு சிப் என்று லீக் முடிவுசெய்தது. இரண்டு வருடத் தடை. ராசுவுக்கு இருபத்தெட்டு வயது. கபடியில் இருபத்தெட்டோடு இரண்டைக் கூட்டினால் ஓய்வுபெற்ற வர்ணனையாளர் என்று விடை வரும். ராசுவால் வர்ணனையாளராகவும் ஆக முடியாது. அது ஏன் என்று மண்டபத்தில் ஜமீலாவுக்கு மட்டும் தெரியும்.

"எல்லாரும் கைப்பட்டையை நல்லா இறுக்கிக் கட்டிக்கோங்க," என்றாள் நிவேதா. நிகழ்ச்சியை நடத்த லீக் சென்னையிலிருந்து அனுப்பிய பெண். "லேட்டா வந்தவங்களுக்காக மறுபடி சொல்றேன். ஆளுக்கு ஒரு ஓட்டுங்கறதெல்லாம் பழைய கதை. சும்மா வந்து உக்காந்தவரோட ஓட்டும், டீமுக்காக உசுரையே விடுறவரோட ஓட்டும் ஒரே வெயிட்டுன்னா அது அநியாயம் இல்லீங்களா? அதனால உங்க ஓட்டை உங்க சூட்டால பெருக்கிக்கறோம். நாடி, வேர்வை, தோலோட வெப்பம் எல்லாத்தையும் பட்டை படிக்கும். பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும்."

ஜமீலா கையைத் தூக்கினாள். "சூடு சரி மேடம். சொரணை?"

நிவேதா டேப்லெட்டில் தேடிப் பார்த்தாள். "சாரி மேடம், அந்த வசதி இந்த வெர்ஷன்ல இல்ல."

ஜமீலாவின் மணிக்கட்டில் பட்டை இரண்டு காட்டியது. கிங்ஸ்லிக்கு எழுபத்தொன்று.

இப்போது மேடை ஏறியவர் வெள்ளைப்பாண்டி. மூச்சு ராசு ரசிகர் பேரவையின் மாவட்டச் செயலாளர். டவுணில் செல்போன் கடை. கறுப்பு டீஷர்ட்டின் நெஞ்சில் வெள்ளையாக ஒரே எழுத்து: ம். பேரவையில் எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் பச்சையே குத்தியிருந்தார்.

அந்த எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எந்தப் பேட்டியிலும் ராசு பேசியதில்லை. என்ன கேட்டாலும் ஒற்றை விரலை வானத்துக்குக் காட்டி 'ம்' என்பான், போய்விடுவான். இதைப் பற்றி ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதினார். மௌனமே அவன் மொழி என்று ஒரு சிமெண்ட் கம்பெனி விளம்பரம் போட்டது.

"சிப்பு இருக்கு, இல்லங்கேன்," என்றார் வெள்ளைப்பாண்டி. தொடக்கமே குழப்பமாக இருந்ததால் கைதட்டல் பலமாக விழுந்தது. "இருந்தாத்தான் என்ன? கிங்ஸ்லி சார் மூட்டுல பிளேட்டு இருக்கா இல்லையா? அத வச்சுக்கிட்டு அவரு மாடிப்படி ஏறுதாரே, அது மோசடியாவே?"

"நான் மாடிப்படிக்குக் கப்பு வாங்கலியே," என்றார் கிங்ஸ்லி உட்கார்ந்த இடத்திலிருந்து.

"ஒமக்கு யாருவே குடுப்பா?"

பெட்டி டொக்கென்றது. செல்லாது.

ஜமீலா எண்ணிக்கொண்டு வந்தாள். இதுவரை பேசியவர்களில் எட்டுப் பேர் ராசுவுக்கு எதிரி, சிப் இருக்கிறது என்றார்கள். ஏழு பேர் ராசுவின் பக்தர்கள். அவர்களும் சிப் இருக்கிறது என்றார்கள், அது சின்ன சிப் என்பதே அவர்கள் வாதம். இல்லை என்று சொன்ன ஒரே ஜீவன் ஸ்கேன் மிஷின்.

அவள் பைக்குள் போன் இருந்தது. போனுக்குள் நாற்பது நொடி ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. பதினாறு வருடம் பழையது. அதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் 'கபடி கபடி' என்று மூச்சை விட்டபடி பாடுகிறான், பிறகு அதே 'கபடி கபடி'யை மூச்சை இழுத்தபடி பாடுகிறான், மறுபடி விட்டபடி. நடுவில் இளம்பெண் ஒருத்தியின் குரல் கேட்கும்: "ராசு, இழுத்துப் பேசாதேன்னு சொன்னேன்லா."

ஜமீலா பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசுகிறவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவள். ராசு அவளிடம் வந்த முதல் பிள்ளைகளில் ஒருவன். நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பினார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாமல் வருடத்தில் பாதி நாள் ஆப்சென்ட் ஆனவன். மூச்சை உள்ளே இழுத்தபடி பேசினால் திக்காது என்று அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். கெட்ட பழக்கம் என்று அவள் விரட்டி விரட்டித் திருத்தினாள். கபடி அவனாகத் தேடிப் போன இடம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சிரிக்காத இடம் உலகத்தில் அது ஒன்றுதான், அதுவும் அங்கே அதுதான் சட்டம், என்று அவன் ஒருமுறை எழுதிக் காட்டினான்.

அந்த நாற்பது நொடியை மைக்கில் போட்டால் கதை முடிந்தது. மூச்சு எடுத்தான், சரி. அதற்கு அந்த ரெய்டின் புள்ளி போகும். சிப் கிடையாது. தடை போய்விடும். அனுமதி கேட்டு அவள் காலையிலேயே ராசுவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

"டீ பிரேக்," என்றாள் நிவேதா.

மண்டபத்தின் பக்கவாட்டில் டீயும் வடையும் வைத்திருந்தார்கள். வடைக்குக் காரச் சட்னி. யாரோ கை தவறி மிளகாயை அள்ளிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. இருநூறு பேரும் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்து 'ஸ்ஸ்ஸ்... ஸ்ஸா...' என்று சத்தம் போட்டபடி, மூச்சை இழுக்கும்போது மனிதனால் எப்படிச் சத்தம் போட முடியும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"ஸ்ஸ்... சயின்ஸ் இடம் குடுக்காது சார்," என்றார் கிங்ஸ்லி கண்ணில் நீர் வழிய.

ஜமீலா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பட்டை மூன்றுக்கு ஏறியது.

போன் அடித்தது. ராசு. அவள் பயந்துபோனாள். திக்கிப் பேசுகிறவனுக்குப் போனைப் போல ஒரு எதிரி கிடையாது. பதினாறு வருடத்தில் அவன் செய்தி அனுப்புவான், கூப்பிட்டதில்லை. கை கழுவும் இடத்துக்குப் போய் எடுத்தாள்.

"அக்கா."

பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அவளுடைய தொழிலே அதுதான். பெற்றோர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்: அவன் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

"போ... போ... போட்டுராதீங்க."

"போட்டா இன்னிக்கே முடிஞ்சிரும்டா. ஒரு பாயிண்டோட போயிரும்."

"அப்புறம் எ... எ... என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தி..." என்றான். அந்த எழுத்தில் தாடை பூட்டிக்கொள்வது போனிலேயே கேட்டது. அங்கே இரண்டு சொற்கள் நிற்கின்றன, எது முதலில் வரப்போகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. "தி... தி... திருடன்னு சொல்லட்டும்க்கா. நா... நான் திருடலன்னு எனக்குத் தெரியும். அந்த இன்னொரு தி... தி..."

விட்டுவிட்டான். மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. இழுத்தபடியே, மெலிந்த, தெளிவான குரலில், ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னான்: "அதைச் சொன்னா இல்லைன்னு சொல்ல முடியாதுல்லக்கா."

"இழுத்துப் பேசுற."

"தெ... தெரியும்."

"ஆட்டத்துல செய்யறப்போ தெரியுமா?"

"கோ... கோட்டத் தாண்டினதும் பயம் வரும். ப... பயம் வந்தா அ... அதுவும் வந்துரும். எப்போன்னு தெ... தெரியாது," என்றான்.

"ஒன் பேரவை ஆளுங்க ஒன்ன விட்ருவாங்களா? சாமியா கும்பிடுறாங்கடா."

"அ... அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவங்களுக்குத்தான்க்கா மொ... மொதல்ல தெரியக் கூடாது."

"சரி," என்றாள் ஜமீலா. "போடல."

இனி அவளிடம் இருந்தது ஒரு ஓட்டு. எடை மூன்று.

இடைவேளைக்குப் பிறகு லீக் மருத்துவரின் வாக்குமூலத்தைத் திரையில் போட்டார்கள். கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். "நா... நாங்க மூணு தடவை பா... பார்த்தோம்," என்றார். "தொ... தொண்டையில ஒ... ஒ... ஒண்ணும் இல்ல. இ... இது நிச்சயம்."

ஜமீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் திணறுவது எந்த வகை, எத்தனை வருடப் பயிற்சி எடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. நன்றாகச் சமாளிக்கிறார். உண்மையைச் சொல்கிறார். மண்டபத்தில் உண்மையைச் சொல்ல வந்த ஒரே மனிதர்.

வெள்ளைப்பாண்டி எழுந்தார். மைக் வேண்டியிருக்கவில்லை.

"ஒ... ஒ... ஒண்ணும் இ... இ... இல்லங்க," என்றார், கழுத்தை வெட்டி வெட்டி இழுத்து, கண்ணை உருட்டி. "ஏம்வே, ஒம்ம தொ... தொ... தொண்டையிலயே ஒரு சிப்பு மாட்டிக்கிட்டுல்லா கெடக்கு, மொதல்ல அத எடும்."

மண்டபம் வெடித்தது. காலையிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இருநூறு பேரும் இதில் ஒத்துப்போனார்கள். கிங்ஸ்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வந்து வெள்ளைப்பாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுல மட்டும் நீரு மன்னன்வே," என்றார். நெஞ்சில் 'ம்' போட்ட ஐம்பது அறுபது பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் அதைத் தன் பக்கத்து ஆளிடம் மறுபடி நடித்துக் காட்டினார், பக்கத்து ஆள் திருத்தம் சொன்னார்.

திரையில் மருத்துவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை.

ராசுவுக்கு இவர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது, என்று ஜமீலா நினைத்தாள்.

காதுக்குள் ரத்தம் ஏறுவது கேட்டது. மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். முப்பத்தெட்டு. அறுபது. எண்பத்தொன்று.

"வாக்களிப்பு ஆரம்பம்," என்றாள் நிவேதா, அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கைப்பட்டைல பச்சை பட்டன், நிரபராதி. சிவப்பு, குற்றவாளி. முப்பது செகண்ட்."

ஜமீலாவின் கட்டை விரல் ஒரு கணம் சிவப்பின் மேல் நின்றது. சிவப்பு விழுந்தால் இந்த டீஷர்ட்டுகள் எல்லாம் நாளைக்கே தரை துடைக்கப் போய்விடும். வெள்ளைப்பாண்டி அழுவார். அதைப் பார்க்க அவளுக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. ஆனால் அவர்கள் அடுத்த சீசனில் வேறொரு கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ராசுவுக்கு வேறு இடம் கிடையாது.

பச்சையை அழுத்தினாள். பட்டை தொண்ணூற்றேழில் நின்றது. அந்தத் தொண்ணூற்றேழில் அன்பு என்று ஒரு சொட்டுக்கூட இல்லை. பட்டைக்கு அதெல்லாம் தெரியாது.

திரையில் எண்கள் வந்தன. குற்றவாளி, ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நிரபராதி, ஆறாயிரத்து நூற்று எழுபது. ஐம்பத்தெட்டு வித்தியாசம். தடை ரத்து. அவள் மனத்துக்குள் கழித்துப் பார்த்தாள். டீ நேரத்துச் சூட்டோடு அழுத்தியிருந்தால் தோற்றிருப்பான். வெள்ளைப்பாண்டியின் அந்த நடிப்பு காப்பாற்றியிருக்கிறது. இதைவிடக் கேவலமாக ஒருவன் ஜெயிக்க முடியாது என்று நினைத்தாள்.

"இன்னிக்கு மண்டபத்துலயே அதிகச் சூடு," என்று நிவேதா அறிவித்தாள், "சீட் நம்பர் நூத்தி அறுபத்தேழு. தொண்ணூத்தேழு."

எல்லோரும் திரும்பினார்கள். வெள்ளைப்பாண்டி பாய்ந்து வந்தார்.

"யக்கா, இம்புட்டு வெறிய உள்ள வச்சுக்கிட்டா கல்லு மாதிரி உக்காந்திருந்திய? நீங்கதான் உண்மையான ரசிகை. பேரவைல மகளிர் அணி காலியாத்தான் கெடக்கு பாத்துக்கிடுங்க."

"மேடைக்கு வாங்க மேடம்," என்றாள் நிவேதா. "உங்களுக்கு ஒரு பரிசு இருக்கு. ஸ்பான்சர் ஏற்பாடு. ராசு சார் லைன்ல இருக்கார். ஒரு ரெய்டு நேரம், முப்பது செகண்ட், நீங்களும் அவரும் நேருக்கு நேர். நீங்க ஒரு கேள்வி கேக்கலாம், அவர் பதில் சொல்லியே ஆகணும். 'ம்' எல்லாம் செல்லாது. முழு வாக்கியம். மொத முறையா ராசு பேசறார். எல்லா ஊர்லயும் லைவ்."

திரையில் எண்கள் மறைந்து ராசு வந்தான். ஏதோ ஓர் அலுவலக அறை. பின்னால் விளம்பரப் பலகை. கழுத்தில் பட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். மேடையேறி மைக் முன்னால் நின்ற ஜமீலாவை அவன் பார்த்தான். மற்றவர்கள் கண்ணுக்கு அது சிங்கத்தின் பார்வை. அவளுக்கு அந்தத் தாடை தெரிந்தது. காதோரம் நரம்பு தெறித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் 'உள்ளேன் ஐயா' வராமல் நின்ற அதே முகம். ஜெயிக்க வைத்ததே அவள்தான். இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள்தான்.

இருநூறு போன்கள் உயர்ந்தன.

"உங்க நேரம் இப்போ ஆரம்பிக்குது," என்றாள் நிவேதா. திரையின் மூலையில் முப்பது என்று எழுந்தது.

பதினாறு வருடமாக ஜமீலா யாருடைய வாக்கியத்திலும் குறுக்கிட்டதில்லை. மூச்சை ஆழமாக, அடிவயிறு வரைக்கும் இழுத்தாள்.

"ராசுத் தம்பி ஒங்கள நேர்ல பாத்த மாதிரி இருக்கு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல ஒங்க ஆட்டம் ஒண்ணுவிடாம பாத்திருக்கேன் ஒங்களுக்காக மூணு வாரம் நோன்பு பிடிச்சேன் எங்க வீட்டுப் பூனைக்கு ஒங்க பேருதான் வச்சிருக்கு அதுவும் ஒங்கள மாதிரியே பேசாது எங்க வீட்டுக்காரர் போட்டிக்கு இன்னொரு பூனை வளக்குறாரு அதுக்கு வேங்கைன்னு பேரு வச்சாரு அத நான் விரட்டிட்டேன் அன்னிக்கு நீங்க ஒத்தக் கால்ல தாவுனீங்க பாருங்க அப்ப எனக்கு மயக்கமே வந்து டிவிக்கு முன்னால விழுந்துட்டேன் ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சு மொதல்ல ஸ்கோர்தான் கேட்டேன் அந்த டாக்டரும் ஒங்க ரசிகர்தான் ஊசி போடாமயே அனுப்பிட்டாரு நீங்க பேசவே வேண்டாம் தம்பி நீங்க பேசாம இருக்கிறதுதான் எங்களுக்குப் பேச்சு நீங்க ஒரு பார்வை பாத்தாப் போதும் நாங்க புரிஞ்சுக்கிடுவோம் ஒங்களுக்காக உசுரையே குடுப்போம் கிட்னி வேணுமா ரெண்டு இருக்கு"

கண் இருட்டிக்கொண்டு வந்தது. தன் வாயிலிருந்து இவ்வளவு அசிங்கம் இவ்வளவு சரளமாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. திரையின் மூலையில் மூன்று, இரண்டு, ஒன்று. சங்கு ஊதியது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

அடியில் இருந்த பெட்டி டொக்கென்று சொல்லவில்லை. அதன் நெற்றியில் காலையிலிருந்து ஒருவரும் பார்க்காத பச்சை எழுத்து ஓடியது: 'ஒரே மூச்சு. ரெய்டு செல்லும்.'

திரையில் ராசுவின் தாடை மெல்ல இறங்கியது. ஒற்றை விரலை வானத்துக்குக் காட்டினான்.

"ம்," என்றான். திரை அணைந்தது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கிங்ஸ்லியும் எழுந்து நின்றார். நிவேதா யாரிடமோ போனில், நேரம் முடிந்துவிட்டது சார், நான் என்ன செய்ய முடியும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். வெள்ளைப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"யக்கா, கடைசியா 'ம்'முன்னாரே. அது வேற 'ம்'மால்லா இருந்துச்சு. அதுக்கு என்னக்கா அர்த்தம்?"

ஜமீலா அவரைப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. மூச்சில்லை.

"ம்," என்றாள்.

வெள்ளைப்பாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் மணிக்கட்டில் பட்டை நூறைத் தொட்டது.